கோலில் கட்டி அனுப்ப முடியாதது

“வேற ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லி அனுப்புங்க. கோல்ல கட்டி அனுப்பிடறேன்.”

“கோல்ல கட்ட முடியாததா இருந்தா?”

“அது என்னங்க அப்படி ஒண்ணு?”

“சும்மாதான் கேட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “அப்படின்னா டிரைவருங்க கிட்ட சொல்லி அனுப்பக் கூடாது. நேர்ல கேக்கணும். கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

அவள் அந்த வேலைக்கு வந்த முதல் நாள் நடந்த பேச்சு இது. மார்ச்சளியில் படுத்த கணவன் எழாமலே போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் பார்த்த வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள். மலைப்பாதையின் மேல்முனையில் கொடி பிடித்து நிற்பவர், லீவு நாளில், கீழ்முனைக்குப் புதிதாக வந்திருப்பவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார். பஸ் ஹாரன் அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஓடும்போது ஒரு செருப்பு கழன்று, அதை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடியும் ஓடினார். கணவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த நாலு வார்த்தையை அதற்கப்புறம் எத்தனை தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. இன்று காலையில், வாசலில் நின்று தார் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அதுதான் ஓடியது.

பலகையில் போட்டிருப்பது என்னவோ நெடுஞ்சாலை என்றுதான். எண்கூட உண்டு, துருப்பிடித்து அதில் பாதி உதிர்ந்துவிட்டது. அடிவாரத்து ஊரிலிருந்து கிளம்பும்போது நல்ல தார்ச்சாலையாக இருக்கும். மலை ஏற ஏற ஒட்டுப்போட்ட தாராகும், அப்புறம் தாரே இல்லாமல் ஒட்டு மட்டும் இருக்கும். அவளுடைய கொட்டகை வாசலுக்கு வந்ததும் அந்த ஒட்டும் கைகழுவிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மேல்முனை வரை வெறும் ஜல்லியும் மண்ணும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகலாம். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் இரண்டு டிரைவர்களும் இறங்கி ஒருவர் குடும்பத்தை மற்றவர் விசாரிக்க வேண்டியதுதான். அது அவ்வளவு மரியாதையான விசாரிப்பாக இருக்காது.

அதற்காகத்தான் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு சிவப்புக் கொடியோடு இரண்டு பேர். செல்போனுக்கு டவர் எட்டாத மலை என்பதால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல். நெஞ்சு உயரம் இருக்கும், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கத்து வண்டிகள் போகலாம். வரிசையில் கடைசியாகப் போகும் வண்டியின் டிரைவரிடம் கோலைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவர் அதை மறுமுனையில் ஒப்படைத்தால், பாதையில் இனி ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கோல் வந்து சேராமல் அந்தப் பக்கத்துக் கொடி இறங்காது. எவ்வளவு பெரிய மனிதர் வந்து கத்தினாலும் இறங்காது.

டிரைவர்கள் இவளுக்குக் கீழ்க்கொடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் மேல்கொடி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும் அன்றைக்கு மட்டும் பயன்பட்டது.

கோல் சும்மா வந்து போகவில்லை. பழைய கொடியைக் கிழித்த துணியில் ஏதாவது ஒன்று கட்டித் தொங்கும். மேலே உள்ள ஊரில் மருந்துக்கடை இருந்ததால் நாத்தனாரின் மூட்டுவலித் தைலம் அங்கிருந்து வரும். டார்ச் பேட்டரி வரும். ஒரு தரம், முட்டை ஒன்று வைக்கோல் சுற்றி உடையாமல் வந்து சேர்ந்தது. உடையாமல் போய்ச் சேரும் என்று டிரைவர்களோடு பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறார். இங்கிருந்து பன் போகும், பித்தான் தைத்த சட்டை போகும், பனிக்காலத்தில் அவள் பின்னிய கம்பளிக் குல்லாய் போனது. அவர் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். இவள் போடுவதோ பல்லால் கடித்தாலும் அசையாது. “கீழ்க்கொடி கிட்ட சொல்லுங்கப்பா, எனக்கு இருக்கறது முப்பத்திரண்டு பல்லுதான்னு” என்று டிரைவர்களிடம் சொல்லி அனுப்புவார். அதற்கப்புறம் இவள் இன்னும் ஒரு சுற்று சேர்த்து இறுக்குவாள்.

நேரில் பார்த்தால் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும். அவர் எப்போதாவது லீவில் கீழே ஊருக்குப் போகும்போது பஸ் இங்கே டீக்கு நிற்கும். “நல்லாருக்கீங்களா?” “ம், நீங்க?” “மழை வரும் போல.” “ஆமா.” அவ்வளவுதான். அவர் தலையில் அந்தக் குல்லாய் இருக்கும், வெயில் மண்டையைப் பிளந்தாலும்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க, காது வலிக்குது” என்பாள் நாத்தனார், டீ ஆற்றிக்கொண்டே.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா; இவள் கூப்பிடுவது அண்ணி என்று. கொட்டகையை ஒட்டினாற்போல் டீக்கடை வைத்திருந்தாள். ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு, பன் வைத்த கண்ணாடி ஜாடி. பின்னால் இரண்டு அறை. ஓர் அறையில் கடைச் சாமான்களும் நாத்தனாரின் கட்டிலும், இன்னொன்றில் இவளும் அடுப்பும். தம்பி இறந்த வீட்டை விட்டுத் தம்பி மனைவி போய்விடுவாள் என்று ஊரெல்லாம் எதிர்பார்த்தது. இவள் போகவில்லை. மூட்டு மடங்காத மனுஷியைக் காலையில் பிடித்து எழுப்பி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தான்தான் என்று இவள் முடிவு செய்து வெகுகாலமாயிற்று. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். தன்னை மேலே கூட்டிக்கொண்டு போகச் சொல்ல முடியாது. ஆண்பிள்ளையைப் பார்த்து நீ இங்கே வந்துவிடு என்று எப்படிச் சொல்வது? அதுவும் இறந்துபோன கணவனின் அக்கா முகத்துக்கு எதிரே?

அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தது, தார் வரும் வரை.

தார் கீழேயிருந்து வளைவு வளைவாக ஏறி வந்து, இன்றைக்கு அவள் வாசலைத் தொடப்போகிறது. ஜல்லிப் பாதையிலும் இனி கொடி பிடிக்க ஆள் வேண்டாமாம். வெயிலில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சிக்னல் விளக்கு இரண்டு முனையிலும் அடுத்த மாதம் வந்துவிடுமாம். இவளைச் சாலைப் பராமரிப்பு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மேல்கொடிக்கு என்ன என்பது மட்டும் தெரியவில்லை. அதைக் கொண்டுவந்து சொன்னது மதியத்து பஸ்.

அதுதான் கீழேயிருந்து வந்த கடைசி வண்டி. அதற்குப் பின்னால் தார் ஊற்றப்போவதால் சாயங்காலம் வரை ஏறி வரும் பக்கத்தை அடைத்துவிட்டார்கள்; இறங்கும் பக்கம் மட்டும் திறந்திருந்தது. முன்னால் போக வேண்டிய லாரிகளை எல்லாம் அனுப்பிவிட்டு, கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பஸ் டிரைவரின் ஜன்னல் அருகே நின்றாள்.

“தங்கச்சி, சேதி தெரியுமா? மேல்கொடியைத் தூக்கறாங்க.”

“எங்கண்ணே?”

“பெரிய மலைக்கு அந்தப் பக்கம், அங்க புதுசா பாதை வெட்டறாங்களே, அங்க. அங்க போனா மேஸ்திரி. வேணாம்னா இங்கேயே உன்கூட மண்வெட்டி பிடிக்கலாம். சூப்பர்வைசர் ஜீப் இன்னைக்கு மேலேருந்து எறங்குது. போறப்ப இவன் ஆமாவா இல்லையான்னு சொல்லியாகணும்.”

“அவரு என்ன சொல்லப் போறாராம்?”

“அதான் வேடிக்கை. காலைல கேட்டேன். யோசிக்கறேன்ங்கறான். மேஸ்திரி வேலைய யோசிக்கற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். போகாதேன்னு சொல்ல அவனுக்கு யாரு இருக்கா? தங்கச்சிங்க மூணையும் கட்டிக்கொடுத்தாச்சு. ஒண்டிக்கட்டை. நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட வேண்டியதுதானே?”

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், கியரைப் போட்டார். பஸ் ஜல்லியில் கடகடவென்று ஏறி முதல் வளைவில் மறைந்தது. புழுதி அடங்கும் வரை அவள் அதே இடத்தில் நின்றாள்.

பஸ் மேலே போய்ச் சேரும். கோலை வாங்கியதும் அவர் கொடியை இறக்குவார். முதலில் ஜீப் வரும். வருவதற்கு முன்னாலேயே அவர் பதிலைச் சொல்லி முடித்திருப்பார்.

அவள் காத்திருந்தாள். வழக்கமாக மேலேயிருந்து வண்டி வர ஆகும் நேரம் ஆனது. வரவில்லை. இன்னும் அவ்வளவு நேரம் ஆனது. அப்போதும் வரவில்லை. தார் போடுகிறவர்கள் நெருங்கிவிட்டார்கள். புகையும் சூடும் வாசல் வரை வந்தன. ரோலர் ஓட்டுகிறவர் இறங்கி வந்து டீ குடித்தார்.

“என்னக்கா, மேலேருந்து ஒரு ஈ காக்கா கூடக் காணோம்?”

“அதான் தெரியல. கல்லு கில்லு விழுந்திருக்குமோ? இல்ல, பஸ்தான் வழியில நின்னுடுச்சோ?”

“மழையே இல்லையே, கல்லு எங்க விழப்போகுது?”

டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். “அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க ஊனிக்கிட்டு நிக்கறீங்களே, அது என்னது?”

அவள் குனிந்து பார்த்தாள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை.

இத்தனை நேரமும் அந்தக் கோலைத்தான் ஊன்றிக்கொண்டு, அது இன்னும் ஏன் மேலே போய்ச் சேரவில்லை என்று மலையைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்!

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. பஸ் மேலே போயிருக்கும். கோல் இல்லாமல் போயிருக்கும். பின்னால் வேறு வண்டி வருகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. அதனால் கொடி இறங்காது. ஜீப் அங்கேயே நிற்கும். லாரிகள் நிற்கும். கோலைக் கொடுத்தனுப்பலாம் என்றால் கீழேயிருந்து ஒரு வண்டியும் வராது. இரண்டு பக்கமும் சாலை பூட்டிக்கொண்டது. சாவி அவள் கையில்.

“ரோலர்ல ஏத்திக்கிட்டுப் போகட்டுமாக்கா?” என்றார் ரோலர்காரர். “மெதுவா போனாலும் அடுத்த வாரம் சேந்துடலாம்.”

டீக்கடைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அவள் திரும்பினாள். நாத்தனார் ஜாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி! உங்களுக்குத் தெரியுமா?”

“பஸ் கெளம்பறப்பவே பாத்தேன்.”

“பாத்துட்டுச் சொல்லாம இருந்தீங்களா? அந்தப் பக்கம் எத்தனை வண்டி நிக்குதோ! அந்த சூப்பர்வைசர் வந்து என் தலையை எடுக்கப் போறாரு!”

“எடுக்கட்டும். தலை இருந்தும் நீ ஒண்ணும் உபயோகப்படுத்தறதா தெரியல.” நாத்தனார் ஜாடியை வைத்தாள். “டிரைவர் சொன்னதும் உன் முகம் போன போக்கை நானும் பாத்தேன்டி. அந்தக் கோல் இப்ப போனா அவனும் போயிடுவான். அதான் உன் கை விடல. உனக்குத் தெரியாம உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு. நான் எதுக்கு நடுவுல?”

ரோலர்காரர் நல்ல மனிதர். கிளாஸைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

“அண்ணி, நான் அப்படியெல்லாம்...”

“என்கிட்டயே கதை விடாதே. என் தம்பியை நெனச்சுத்தான் வாயைத் தைச்சுக்கிட்டு இருக்கியா? அவனுக்கு நான் அக்கா. அவன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். பொழுதெல்லாம் வெயில்ல கொடி பிடிச்சுட்டு உள்ள வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறியே, அதுக்கா உன்னைக் கட்டிக்கிட்டு வந்தான்?”

“உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்.”

“யாருடி போகச் சொன்னா? நீ போயிட்டா என்னை எவ எழுப்பி உக்கார வைப்பா? அவனை இங்க கூட்டிட்டு வா. எனக்கும் இந்தக் கடைக் கதவை ஏத்தி இறக்க ஒரு ஆள் வேணும்.”

“வீட்டோட மாப்பிள்ளையா வருவாங்களா அண்ணி? மேஸ்திரி வேலையை விட்டுட்டு?”

“கேட்டாத்தானே தெரியும்? வேகாத வெயில்லயும் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கிட்டு அலையறவன் எதுக்கும் துணிஞ்சவன்.”

நாத்தனார் தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி இவள் பக்கம் தள்ளினாள். ரப்பர் அடி போட்ட, கனமான, அவளுடைய நல்ல செருப்பு. “அந்தப் பிஞ்ச செருப்புல போனே, ரெண்டாவது வளைவுலயே சாக்குச் சொல்லிக்கிட்டுத் திரும்பி வந்துடுவே. இதைப் போட்டுக்கிட்டுப் போ. கொடியை என்கிட்ட குடு. உக்காந்த எடத்துலேருந்தே பிடிக்கறேன். எவன் தாண்டிப் போறான்னு பாத்துடறேன்.”

வேலை நேரத்தில் முனையை விட்டு நகரக் கூடாது, லீவு நாளில் நாத்தனாரை விட்டு நகர முடியாது என்பதால் அவள் அந்த ஜல்லிப் பாதையில் முதல் வளைவைத் தாண்டிப் போனதே இல்லை. அதற்கு மேல் உள்ளதெல்லாம் டிரைவர்கள் வாயால் கேட்டதுதான். இப்போது கோலை ஊன்றி நடக்க நடக்க ஒவ்வொன்றாக எதிரே வந்தது. மேலேயிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும் இடம் குளிக்கும் பாறை; அதைக் கடந்தபோது தோள் நனைந்தது. பள்ளத்தின் ஓரமாகப் பாதை ஒடுங்கும் இடத்துக்கு, டிரைவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதால், மூச்சுமுட்டி என்று பெயர். அவளும் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அதைத் தாண்டியதும் கீழே அவளுடைய கொட்டகை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதன் வாசலில் கறுப்பாக, ஈரமாக, புதுத் தார் வந்து நின்றிருந்தது. இத்தனை வருஷமாக மேலே பார்த்துக்கொண்டே நின்றிருந்தவளுக்கு, மேலேயிருந்து தன் வீடு இவ்வளவு அழகாகத் தெரியும் என்று தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் அவர் இதைத்தானே பார்த்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கியிருப்பார் என்று தோன்றியது.

பாதி தூரத்தில் மாமியார் வளைவு. எந்தப் பக்கமிருந்து என்ன வரும் என்று கடைசி நிமிஷம் வரை தெரியாது என்பதால் அந்தப் பெயர். அங்கே நெருங்கும்போது ஜல்லி மிதிபடும் சத்தம் கேட்டது. அவள் நின்றாள்.

முதலில் ஒரு சிவப்புக் கொடி எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் கம்பளிக் குல்லாய். அப்புறம் அவர்.

“வந்துட்டீங்களா!” என்றார், மூச்சு வாங்க. “ஒண்ணும் ஆகலையே உங்களுக்கு?”

“எனக்கு என்ன?”

“பஸ் வந்துச்சு, கோல் எங்கன்னு கேட்டா டிரைவரு தலையில அடிச்சுக்கறாரு. உங்க கிட்டேருந்து கோல் வராம போனதே இல்லை. உங்களுக்குத்தான் உடம்புக்கு என்னவோன்னு...” குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பஸ் டிரைவர் கிட்ட, ஒரு வண்டியும் நகரக் கூடாதுன்னு சொல்லி விட்டுட்டு வந்தேன். சூப்பர்வைசர் குதிக்கறாரு.”

மேலேயிருந்து ஜீப்பின் ஹாரன் நீளமாகக் கேட்டது. அவர் சொன்னது உண்மைதான்.

“அவருக்குப் பதில் சொல்லிட்டீங்களா?” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“எதுக்கு?”

“மேஸ்திரி வேலைக்கு.”

அவர் பள்ளத்தைப் பார்த்தார். தீப்பெட்டிக் கொட்டகையைப் பார்த்தார். “இல்ல. கோல் வந்ததும் சொல்றேன்னேன்.”

“ஏன்?”

“கோல்ல ஏதாவது வரும்னு பாத்தேன்.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் குல்லாயைப் போட்டுக்கொண்டார். “ஒண்ணும் கட்டலையே இன்னைக்கு?”

கோல் வெறுமையாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நீட்டினால் அவர் வாங்கிக்கொள்வார், திரும்பி நடப்பார், கொடி இறங்கும், எல்லாம் ஒழுங்காகிவிடும். அவள் நீட்டவில்லை. பாறை இடுக்கில் சாய்த்து வைத்தாள்.

“கட்ட முடியாததா இருந்தா நேர்ல கேக்கணும்னு ஒரு தரம் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு,” என்றார் உடனே. யோசிக்கவே இல்லை. “கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்னும் சொன்னேன். அன்னைக்கு பஸ் ஹாரன் அடிச்சுடுச்சு. அதுக்கப்புறம் நீங்க கேக்கவே இல்ல.”

மறுபடியும் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. செருப்பின் கனம் காலைத் தரையோடு பிடித்துவைத்திருந்தது. அண்ணி சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள்.

“போகாதீங்க,” என்றாள்.

அது பாதிதான் என்பது அவளுக்கே தெரிந்தது. அவர் காத்திருந்தார். முடிச்சை இறுக்கி இறுக்கியே பழகிய கை, முந்தானையைப் பிடித்துத் திருகியது; பிறகு விட்டது. அவள் நிமிர்ந்து, அவர் முகத்தை முழுசாகப் பார்த்து, மீதியையும் சொன்னாள்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துடுங்க.”